ராடு ஒட்டுகிறது, பைப் ஓட்டையாகிறது: வீட்டு வெல்டிங்கில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

செடிகளுக்கு ஒரு ஸ்டாண்டு, மாடிப்படிக்குக் கைப்பிடி, ஆட்டுக் கொட்டகைக்கு ஒரு கதவு என்று நாமே செய்துகொள்ளலாமே என்ற ஆசையில் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல ஆசைதான். ஆனால் வாங்கி வந்த அன்றே ராடு ஒட்டிக்கொள்ளும், பைப் ஓட்டையாகும், வைத்த வெல்டு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கழன்று விழும். உடனே எல்லோருடைய கையும் ஆம்பியர் திருகுக்குப் போகும். கூட்டுவார்கள், குறைப்பார்கள், மறுபடி கூட்டுவார்கள். கோளாறு அப்படியே இருக்கும், ஒரு பாக்கெட் ராடு தீர்ந்திருக்கும்.

திருகைக் கடைசியில் தொடுங்கள். மெஷினிலிருந்து கிளம்பும் கரண்ட் கேபிள், ஹோல்டர், ராடு, இரும்பு, எர்த் கிளாம்ப் (வேலைத் துண்டைக் கவ்வும் இடுக்கி) என்று ஒரு சுற்று சுற்றி மெஷினுக்கே திரும்ப வேண்டும். அந்தச் சுற்றில் எங்கே தடை என்று பார்ப்பது பாதி வேலை. உருகும் இரும்பை முகமூடியின் கருப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கப் பழகுவது மீதிப் பாதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

இங்கே சொல்வதெல்லாம் சிங்கிள் ஃபேஸில் ஓடும் டிசி இன்வெர்ட்டர் மெஷினுக்கும் 6013 வகை ராடுக்கும் பொருந்தும். கிரில் பட்டறைகளில் பெரும்பாலும் ஓடுவது இந்த ராடுதான். எண்ணில் முதலில் வரும் 60, வெல்டு ஆன இரும்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவையைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. அடுத்த 1, படுக்கை, செங்குத்து, தலைக்கு மேல் என எந்த நிலையிலும் ஓட்டலாம் என்பதற்கு. கடைசி எண் மேல்பூச்சின் வகை. தொடங்குகிறவருக்கு 12 கேஜ் ராடு, அதாவது 2.5 மி.மீ. போதும். பயிற்சிக்கு 5 மி.மீ. ஆங்கிள் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக மெல்லிய சதுர பைப்பில் இறங்கினால் மனம்தான் உடையும்.

அப்புறம் உடை. முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட், ஷூ, தோல் கையுறை. பாலியஸ்டர் துணியில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டும். லுங்கியும் ரப்பர் செருப்புமாக இந்த வேலைக்கு உட்காராதீர்கள்.

மெஷின் உடம்பைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் சரிசெய்ய வேண்டும். இன்வெர்ட்டர் மெஷினுக்குள் கரண்டின் இரைச்சலை வடிகட்டும் பகுதி ஒன்று இருக்கும். அதிலிருந்து மிகச் சிறிய கசிவு எப்போதும் மெஷின் உடம்புக்கு வரும். பிளக்கின் மூன்றாவது முள் ஒழுங்காக எர்த்தோடு சேர்ந்திருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் உங்கள் வழியாகப் போகும். ஆக, ஜிவ்வென்று இழுத்தால் பெரும்பாலும் வீட்டு எர்த்திங் அறுந்திருக்கிறது அல்லது எக்ஸ்டென்ஷன் வயரில் எர்த் கம்பியே இல்லை. இரண்டு கம்பி வயரில் மூன்று முள் பிளக் மாட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கும்வரை மெஷினைப் போடாதீர்கள். எர்த் சரியாக இருந்தும் இழுத்தால் உள்ளே கோளாறு, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கி எறிகிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

ஹோல்டர் பக்கமும் கவனம் வேண்டும். ராடு தொடாமல் சும்மா இருக்கும்போது ஹோல்டருக்கும் எர்த் கிளாம்புக்கும் இடையே ஏறக்குறைய 60 முதல் 80 வோல்ட் நிற்கும். காய்ந்த தோலுக்கு அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். சித்திரை வெயிலில் வியர்வையில் ஊறிய சட்டையோடு, நனைந்த கையுறையோடு இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து ராடு மாற்றினால் நிலைமை வேறு. மாற்றுக் கையுறை ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். காலடியில் காய்ந்த பலகையைப் போட்டு நின்று வேலை செய்யுங்கள்.

போட்டதும் எம்சிபி (தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுகிறது, அல்லது ஆர்க் சோர்ந்து எரிகிறது

90 ஆம்பியரில் ஓட்டும்போது ஆர்க்கில் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்சுடரில்) மட்டும் 2 கிலோவாட்டுக்கு மேல் செலவாகும். மெஷினின் இழப்புகளையும் சேர்த்தால் சுவர்ப் பக்கம் 15 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால் டிவி, மின்விசிறிக்கான சின்ன பிளக்கில் மாட்டவே கூடாது. ஏசிக்கோ கீசருக்கோ போட்ட 16 ஆம்பியர் பவர் பிளக்தான் இதற்கு. வீட்டு யூபிஎஸ் லைனில் போடுவதையும் மறந்துவிடுங்கள்.

அடுத்து வயர். மொட்டை மாடியில் வேலை என்று கீழிருந்து 30 மீட்டர் வயர் இழுப்போம். அது 1 ஸ்கொயர், அதாவது 1 சதுர மி.மீ. செம்பு வயராக இருந்தால் போகவர 60 மீட்டருக்கு ஏறக்குறைய 1 ஓம் தடை. 15 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 15 வோல்ட் போய்விடும். மாலை நேரத்தில் லைனிலேயே வோல்டேஜ் இறங்கியிருக்கும் ஊர்களில் இதுவும் சேர்ந்தால் மெஷினுக்கு 190-கூடப் போய்ச் சேராது. 2.5 ஸ்கொயர் வயர் என்றால் இழப்பு 6 வோல்ட்தான். வயரைச் சுருளாக வைத்துக்கொண்டு ஓட்டினால் சுருளுக்குள் சூடு ஏறி மேலுறை உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

வயரும் பிளக்கும் சரியாக இருந்து, சுவிட்சைப் போட்ட அந்த நொடியில் மட்டும் எம்சிபி விழுந்தால், மெஷின் தொடக்கத்தில் ஒரு கணம் இழுக்கும் கூடுதல் கரண்ட்தான் காரணமாக இருக்கலாம். சி வகை எம்சிபி அதைத் தாங்கும். அதற்காக இருப்பதை எடுத்துவிட்டு வயர் தாங்காத பெரிய எம்சிபியை மாட்டிவிடாதீர்கள். எம்சிபி இருப்பது வயரைக் காப்பாற்ற.

தட்டினாலும் உரசினாலும் பொறியே வரவில்லை

எர்த் கிளாம்ப். பத்தில் எட்டு இடத்தில் அதுதான் என்று தைரியமாகச் சொல்வேன். துருப்பிடித்த ஆங்கிளின் மேல், பெயின்ட் அடித்த ஸ்டூலின் காலில், சில நேரம் வேலை நடக்கும் துண்டைத் தொடாத இரும்பில்கூடக் கிளாம்பைக் கவ்வ விட்டிருப்பார்கள். கிரைண்டரால் ஒரு ரூபாய் அளவுக்கு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, அங்கே கவ்வ விடுங்கள். முடிந்தவரை வெல்டு வைக்கும் துண்டிலேயே, வேலைக்கு அருகிலேயே. மெஷினோடு வரும் கிளாம்புகள் பல மெல்லிய தகரத்தில் செய்தவை. கேபிள் நுனியிலுள்ள லக் (போல்ட் மாட்டும் வளையம்) அதில் லூசாக ஆடும். ஸ்பானர் போட்டு இறுக்குங்கள். பிறகு மெஷின் முகப்பில் கேபிள் நுழையும் இடம். அதைச் செருகினால் மட்டும் போதாது, திருகிப் பூட்ட வேண்டும். பத்து நிமிட வேலைக்குப் பிறகு மெஷினை அணைத்துவிட்டு இந்த இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான் லூசான இணைப்பு.

கிளாம்ப் சரி என்றால் ராடின் நுனியைப் பாருங்கள். பாதி எரிந்து அணைந்த ராடின் நுனியில் கசடு, அதாவது உருகிய மேல்பூச்சு, உறைந்து கண்ணாடி போல மூடியிருக்கும். அது கரண்டை விடாது. சிமென்ட் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் உடைந்து உள்கம்பி தெரியும்.

ராடு ஒட்டிக்கொள்கிறது

தொடங்குகிறவர்கள் எல்லோருக்கும் வரும் தொல்லை இது. குத்துவது போல ராடை நேராக இறக்கினால் ஒட்டத்தான் செய்யும். மணிக்கட்டை மட்டும் திருப்பி, வெல்டு போகப்போகும் வழியிலேயே ஓர் அங்குலம் உரசுங்கள். பொறி கிளம்பியதும் ஒரு கணம் சற்றே உயர்த்தி, ஆர்க் நிலைத்ததும் கீழே கொண்டுவாருங்கள். அந்த உயரம் ராடின் கம்பித் தடிமன் அளவு, 12 கேஜுக்கு 2.5 மி.மீ. அவ்வளவுதான்.

ஒட்டிவிட்டால் பதறாமல், முகமூடியைத் தூக்காமல், மணிக்கட்டைப் பக்கவாட்டில் வெடுக்கென்று திருப்புங்கள். வராவிட்டால் ஹோல்டரின் வாயைத் திறந்து ராடை விட்டுவிடுங்கள். ஒட்டினால் கரண்டைத் தானே குறைக்கும் வசதி பல மெஷின்களில் இருக்கிறது. அது இல்லாத மெஷினில் ராடு நொடிகளில் செக்கச்செவேலென்று பழுக்கும். அப்படிப் பழுத்த ராடின் பூச்சு வெந்துபோயிருக்கும், அதை ஒதுக்கிவிடுங்கள். பிடுங்கும்போது நுனிப் பூச்சு உதிர்ந்து கம்பி மட்டும் துருத்திக்கொண்டிருந்தால், அந்த ராடு மறுபடி ஒட்டும். பழைய இரும்புத் துண்டில் உரசி, நுனி சமமாக எரியும்வரை விட்டு, அப்புறம் வேலையில் வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒவ்வொரு முறையும் ஒட்டுகிறது என்றால் இப்போது திருகைத் தொடலாம். 12 கேஜுக்கு 70-ல் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டி 90 வரை பாருங்கள். 10 கேஜ், அதாவது 3.15 மி.மீ. ராடுக்கு 95 முதல் 130. சின்ன மெஷின்களின் திரையில் தெரியும் எண்ணைத் துல்லியமானதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மெஷினில் எந்த எண்ணில் எந்த ராடு நன்றாக எரிகிறது என்று மூடியின் மேலேயே மார்க்கரால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும்போது நன்றாக எரிகிறது, போகப் போகப் பொறி தெறித்து அணைந்துவிடுகிறது

350 மி.மீ. நீள ராடு ஒரு நிமிடம் போல எரியும். எரிய எரிய அது குட்டையாகிறது. ஹோல்டர் பிடித்த கை முன்னால் நகரும் அதே நேரத்தில் கீழேயும் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். புதியவரின் கை முன்னால் போகும், கீழே இறங்காது. ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போய், ஆர்க் நீண்டு, பொறி நாலாபக்கமும் தெறித்து, கடைசியில் அணையும். வெல்டைப் பார்த்தாலே தெரியும். தொடக்கத்தில் ஒடுக்கமாகவும் சீராகவும் இருப்பது முடிவில் அகன்று, தட்டையாகி, சுற்றிலும் பொறித் துளி ஒட்டிக்கிடக்கும்.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. மெஷினைப் போடாமலே, ராடு மாட்டிய ஹோல்டரைப் பிடித்து, சாக்பீஸ் கோட்டின் மேல் நுனியை மெல்ல நகர்த்திக்கொண்டே ஹோல்டரைத் தரை நோக்கி இறக்கிப் பழகுங்கள். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்குங்கள், முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். கேபிளின் எடை கையை இழுக்காதபடி தோளில் ஒரு சுற்றுப் போட்டுக்கொள்ளலாம். 6013 ராடில் இன்னொரு வசதி, பூச்சின் விளிம்பு இரும்பை லேசாகத் தொட்டுக்கொண்டே போனாலும் ஆர்க் அணையாது. ஆர்க்கின் நீளம் பிடிபடும்வரை அப்படியே சாய்த்து இழுத்துப் பழகலாம்.

சத்தமும் சொல்லும். நீளம் சரியாக இருந்தால் ஒரே சீரான இரைச்சல் கேட்கும். தாளிக்கிற கடுகு வெடிப்பது போல விட்டுவிட்டுப் பட்பட்டென்று வந்தால் ராடு ஈரம் குடித்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்துவைத்த பாக்கெட்டிலுள்ள ராடுகள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயிலில் காயவைத்தால் மேல் ஈரம் போகும், பூச்சுக்குள் இறங்கியது போகாது. 6013-ஐ 100 முதல் 110 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். அதற்கு மிக அதிகமான சூட்டில் வைத்தால் பூச்சே கெடும். பாக்கெட் மேல் அச்சிட்டிருக்கும் சூட்டைத் தாண்டாதீர்கள். இதைவிட எளிய வழி, இரண்டு முனையிலும் மூடி போட்ட பிவிசி பைப் துண்டுக்குள் ராடுகளைப் போட்டு வைப்பது. பூச்சு பெயர்ந்த ராடையும் உள்கம்பியில் துரு ஏறிய ராடையும் தூக்கிப் போடுங்கள்.

வெல்டு மேலே குவிந்து நிற்கிறது, தட்டினால் கழன்று வருகிறது

ராடு உருகியிருக்கிறது, அடியிலிருக்கும் இரும்பு உருகவில்லை. மேலே சொட்டிய இரும்பு அப்படியே உறைந்திருக்கிறது. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். துருவும் பெயின்ட்டும் எடுத்தீர்களா? எர்த் கிளாம்ப் நன்றாகக் கவ்வியிருக்கிறதா? ஆர்க் நீண்டுவிட்டதா? அவசர அவசரமாக நகர்த்தினீர்களா? எல்லாம் சரி என்றால் கரண்ட் போதவில்லை, பத்து ஆம்பியர் கூட்டுங்கள்.

வெளித்தோற்றத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்கிறேன். அழகாக அலை அலையாகத் தெரியும் வெல்டும் உள்ளே ஒட்டாமல் இருக்கலாம். அதனால் இரண்டு பட்டைத் துண்டுகளை எடுத்து, ஒன்றைக் கிடத்தி, மற்றதை அதன் மேல் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு வையுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, வெல்டு இருக்கும் பக்கத்தை நோக்கி நிற்கும் துண்டைச் சம்மட்டியால் அடித்து மடக்கி உடையுங்கள். உடைந்த முகத்தைப் பாருங்கள். மூலை வரைக்கும் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் உள்ளே இறங்கி ஒட்டியிருக்கிறது. மூலையில் பட்டையின் பழைய வழவழப்பான முகம் அப்படியே தெரிந்தால் அங்கே வெல்டு போகவே இல்லை. கரும்பழுப்பாகக் கண்ணாடித் துண்டு போல எதுவும் ஒட்டியிருந்தால் அது கசடு. வெல்டர் தேர்வுகளிலேயே இப்படி உடைத்தும் வளைத்தும்தான் பார்ப்பார்கள். ஐந்தாறு துண்டு இப்படி உடைத்துப் பார்ப்பது ஒரு கட்டு ராடு ஓட்டிப் பழகுவதைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

இந்தச் சோதனையில் தேறாதவரை ஊஞ்சல் கொக்கி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, பால்கனி கிராதி போன்றவற்றில் கை வைக்காதீர்கள். தேறிய பிறகும் ஆள் உயிரைத் தாங்கும் வேலை என்றால் ஒரு முறையான வெல்டரிடம் கொடுங்கள். ஐடிஐ-யில் வெல்டர் படிப்பு ஓராண்டு நடப்பது சும்மா இல்லை.

கசடு வெல்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது

6013-இன் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பூச்சு உருகிக் கசடாகிறது, கம்பி உருகி இரும்புக் குழம்பாகிறது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், பளிச்சென்று எரியும் ஆர்க்கின் கீழே. புதியவர் கண்ணுக்கு எல்லாமே ஒரே ஆரஞ்சு வெளிச்சம்தான். பொறுமையாகப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். ஆர்க்குக்கு நேர் கீழேயும் சற்றுப் பின்னேயும் இருக்கும் இரும்புக் குழம்பு தெளிவாக, அசையாத விளிம்போடு இருக்கும். அதன் பின்னால் மிதக்கும் கசடு அதைவிடப் பிரகாசமாக, நெளிந்து நெளிந்து ஓடும். விளிம்பைப் பாருங்கள், வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள்.

கசடு எப்போதும் ராடுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் ஓடிவந்துவிட்டால் அதன் மேல் இரும்பு விழுந்து மூடிவிடும். ராடின் மேல்முனையைப் போகும் திசைப் பக்கம் 10 முதல் 20 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். அப்போது ஆர்க்கின் வீச்சு கசடைப் பின்னுக்குத் தள்ளும். கரண்ட் குறைவு, நீண்ட ஆர்க், தேவையில்லாமல் அகலமாக ஆட்டுவது, இந்த மூன்றும் கசடை முன்னால் வரவழைக்கும். வேலைத் துண்டு சரிந்திருந்து, கீழ்நோக்கி ஓட்டினாலும் கசடு முந்தும். தரையைச் சமமாக்குங்கள் அல்லது சரிவின் கீழிருந்து மேலே ஓட்டுங்கள்.

வைத்த வெல்டின் மேல் இரண்டாவது ஓட்டம் வைக்கும் முன் முதல் ஓட்டத்தின் கசடை முழுவதும் எடுங்கள். சிப்பிங் சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷால் தேய்த்து, ஓரத்தில் கருப்புக் கோடு மிச்சம் இருந்தால் கிரைண்டரால் எடுத்துவிட்டுத்தான். கசடு தட்டும்போது முகமூடியைத் தூக்கியிருப்போம், அதனால் உள்ளே வெள்ளைக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். சூடான கசடு தெறிப்பது கண்ணைப் பார்த்துத்தான்.

சதுர பைப்பில் ஓட்டை விழுகிறது

16 கேஜ் பைப்பின் சுவர் 1.6 மி.மீ. 18 கேஜ் என்றால் 1.2. ராடு கம்பியே 2.5 மி.மீ. தடிமன். ராடை உருக்கத் தேவைப்படும் சூடு பைப்புக்கு அதிகம் என்பது கணக்கிலேயே தெரிகிறது. ஆகவே 16 கேஜ் பைப்புக்கு 12 கேஜ் ராடு என்றால் 55 முதல் 65 ஆம்பியர். இன்னும் மெல்லிய பைப்புக்கு 14 கேஜ், அதாவது 2 மி.மீ. ராடு வாங்கி 40-க்குப் பக்கத்தில் வையுங்கள். எல்லாக் கடையிலும் கிடைக்காது, கேட்டால் வரவழைத்துக் கொடுப்பார்கள்.

கேபிள்களை மாற்றிப் பாருங்கள். ஹோல்டரை மைனஸிலும் எர்த் கிளாம்பைப் பிளஸிலும் போட்டால் 6013 ஆழம் குறைவாக இறங்கும். மெல்லிய பைப்புக்கு அதுதான் வசதி. தடித்த ஆங்கிளுக்கு ஹோல்டரைப் பிளஸுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஓட்டை விழுவதற்குப் பெரிய காரணம் கரண்ட் அல்ல, இடைவெளி. பைப்பைக் கோணலாக வெட்டி, மூலையில் 2 மி.மீ. சந்து விட்டு, அதை ராடால் நிரப்பப் பார்க்கிறோம். விளிம்பில் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு இல்லாததால் உருகிப் பின்வாங்குகிறது, சந்து பெரிதாகிறது. வெட்டுவதில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, வெட்டிய முகத்தைத் தேய்த்து, இரண்டு துண்டும் வெளிச்சம் தெரியாமல் பொருந்தினால் பாதி ஓட்டை விழாது.

ஓட்டும்போது ஒரே மூச்சில் ஓட்டாமல் அரை அங்குலம் வைத்து நிறுத்தி, சிவப்பு மங்கியதும் அடுத்த அரை அங்குலம். கசடு இடையில் மாட்டும் என்பதால் தட்டித் தட்டிப் போக வேண்டும். தடித்த துண்டும் மெல்லிய துண்டும் சேரும் இடத்தில் ராடைத் தடித்ததன் பக்கமே பிடித்து, குழம்பு மெல்லியதைத் தொட்டுக்கொள்ளும்படி விடுங்கள். செங்குத்தாக நிற்கும் மெல்லிய பைப்பை மேலிருந்து கீழாகச் சற்று வேகமாக ஓட்டினால் ஓட்டை விழாது. ஆழம் குறையும் என்பதால் இதை அலங்கார வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைகளில் பழைய ராடின் பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு, கம்பியைச் சந்தில் கிடத்தி, அதன் மேல் வெல்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூந்தொட்டி ஸ்டாண்டுக்கு அது போதும். கைப்பிடிக்கு வேண்டாம்.

வெல்டில் பொத்தல் பொத்தலாக இருக்கிறது

உள்ளே மாட்டிய வாயு வெளியேறிய தடம் அது. பெயின்ட், எண்ணெய், துரு, ஈர ராடு, நீண்ட ஆர்க், மாடியில் வீசும் காற்று என்று இதற்குக் காரணங்கள் பல. சுத்தம் செய்துவிட்டு ஆர்க்கைக் குறுக்கினாலே பெரும்பாலும் போய்விடும். பொத்தலின் மேல் இன்னொரு ஓட்டம் வைத்து மறைக்காதீர்கள், தேய்த்து எடுத்துவிட்டு வையுங்கள்.

துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பில் வைத்தால் பொத்தலோடு வெள்ளைப் புகையும் வரும். அது துத்தநாகம் எரியும் புகை. அன்று மாலையே குளிர்க்காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை என்று படுக்க வைத்துவிடும். பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. வெல்டு வரும் இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குத் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுங்கள், அந்தத் தூசுக்கும் முகக்கவசம் போடுங்கள், திறந்தவெளியில் காற்றுக்கு முதுகையோ பக்கத்தையோ காட்டி வேலை செய்யுங்கள். பெட்ரோல், பெயின்ட், தின்னர் இருந்த டின்னிலும் பீப்பாயிலும் காலியாக இருந்தாலும் வெல்டு வைக்கவே கூடாது. மிச்சமிருக்கும் ஆவி வெடிக்கும்.

வெல்டின் ஓரம் அரித்துப் பள்ளமாகிறது. ஆர்க் ஒரு பக்கமாக வீசுகிறது

ஓரம் அரிப்பது கரண்ட் கூடியதால் அல்லது ஆர்க் நீண்டதால். கொஞ்சம் குறைத்து, நெருங்கிப் பிடித்து, ராடை ஆட்டும்போது ஓரங்களில் ஒரு கணம் நின்று நிரப்புங்கள். நடுவில் நிற்க வேண்டாம்.

மூலைக்கோ துண்டின் முடிவுக்கோ போகும்போது மட்டும் ஆர்க் காற்றடித்த மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தால், காந்தப்புலம் அதைத் தள்ளுகிறது. டிசி மெஷினில் இது இயல்பு. எர்த் கிளாம்பைத் துண்டின் மறுமுனைக்கு மாற்றுங்கள், ஆர்க்கைக் குறுக்குங்கள், மூலையிலிருந்து உள்நோக்கி ஓட்டுங்கள்.

மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடுகிறது

சூடேறியிருக்கிறது. மெஷினின் முகப்புத் தகட்டில் எத்தனை ஆம்பியருக்கு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். 60 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம் ஓட்டலாம், 4 நிமிடம் ஓய்வு. சுவிட்சை அணைக்காமல் விசிறியை ஓடவிட்டால் தானே ஆறி, விளக்கு அணையும். மெஷினை நிழலில் வையுங்கள், துணியால் மூடாதீர்கள். கிரைண்டர் ஓடும் இடத்திலிருந்து தள்ளி வைப்பது இன்னும் முக்கியம். கிரைண்டரின் இரும்புத் தூளை அதே விசிறி உள்ளே இழுத்து சர்க்யூட்டின் மேல் படியவைக்கும். இரும்புத் தூள் கரண்டைக் கடத்தும் என்பதால் ஒருநாள் உள்ளே ஷார்ட் ஆகும்.

கேட் சட்டம் கோணிக்கொள்கிறது

வெல்டு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது துண்டைத் தன் பக்கம் இழுக்கும். முதலில் நான்கு மூலையிலும் டேக் (பிடித்து நிறுத்தும் சின்னப் பொட்டு வெல்டு) மட்டும் வையுங்கள். மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வரும்வரை லேசாகத் தட்டிச் சரிசெய்து, அப்புறம்தான் முழு வெல்டு. ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஒன்றில் ஒரு பக்கம், எதிர்மூலையில் ஒரு பக்கம் என்று மாறி மாறி வையுங்கள். கோணிய பிறகு என்றால், இழுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு சிறு வெல்டு வைத்தால் அது கொஞ்சம் திருப்பி இழுக்கும்.

ராத்திரி கண் எரிகிறது, திறக்க முடியவில்லை

ஆர்க்கின் புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிட்டது. வேலை செய்யும்போது தெரியாது. பல மணி நேரம் கழித்து, தூங்கப் போகும் நேரத்தில் மணல் கொட்டியது போல உறுத்தும், நீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. உருளைக்கிழங்குத் துண்டு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். கண்ணைக் கசக்காமல், குளிர்ந்த ஈரத்துணியை மூடிய இமைமேல் போட்டுக்கொண்டு, கண் மருத்துவரிடம் போங்கள். வழக்கமாக ஓரிரு நாளில் ஆறிவிடும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம், அது புண் ஆறுவதைத் தடுக்கும்.

இந்த அளவு கரண்டுக்கு 10 அல்லது 11-ஆம் எண் கருப்புக் கண்ணாடி வேண்டும். கூலிங் கிளாஸ் உதவாது. டேக் வைக்க ஒரு நொடிதானே என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதுதான் பலரையும் படுக்க வைக்கிறது. பைப்பைப் பிடித்துக்கொள்ளும் தம்பிக்கும் ஒரு முகமூடி கொடுங்கள். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பெயின்ட் அடித்தும் வெல்டு இடத்தில் மட்டும் துரு வருகிறது

கசடு முழுவதும் போகாமல் அதன் மேலேயே பிரைமர் அடித்திருக்கிறது. கசடு நாளடைவில் உதிரும்போது பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு உதிர்கிறது. துரு வந்த இடத்தைக் கம்பி பிரஷால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பொறித் துளிகளைச் சுரண்டி, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். பைப்பின் திறந்த முனைகளைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே நின்றால் வெளியே எத்தனை கோட் அடித்தாலும் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும்.